இன்னும் பிறக்காத கணினிக்கு ஒரு புகைப்படம்: கான்செப்ட் ரெண்டர் வேலையும் அதிலுள்ள அமானிதமும்

இணையத்தில் ஒரு புதிய கணினியின் படத்தைப் பார்க்கிறோம். கையில் அடங்கும் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மர மேசையின் மேல் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல்விளிம்பில் மெல்லிய கோடாக ஓடுகிறது. முன்பக்கம் இரண்டு யு.எஸ்.பி. துளைகள், பக்கவாட்டில் காற்றுப் போக வரிசையாகத் துவாரங்கள். நல்ல கேமராவில் எடுத்த படம் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அந்தப் பெட்டி உலகில் எங்குமே இல்லை. மேசையும் இல்லை, ஜன்னலும் இல்லை. யாரோ ஓர் இளைஞர் தன் வீட்டு அறையில் அமர்ந்து, மூன்று நாள் கெடுவுக்குள், கணினிக்குள்ளேயே அதைக் கட்டி, அங்கேயே விளக்கு வைத்து, அங்கேயே படமும் எடுத்திருக்கிறார். இதற்குத்தான் கான்செப்ட் ரெண்டர் என்று பெயர்.

இது புதிய வித்தை அல்ல. ஐக்கியா என்ற ஸ்வீடன் நாட்டு மரச்சாமான் நிறுவனம் 2006-ல் ‘பெர்டில்’ என்ற ஒரு நாற்காலியின் படத்தை இப்படிக் கணினியில் உருவாக்கித் தன் விற்பனைப் புத்தகத்தில் போட்டது. 2014-ல் அவர்களுடைய தனிப்பொருள் படங்களில் முக்கால்வாசி கணினியில் உருவானவை ஆகிவிட்டன. புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா நிறுவனம் 2021 ஏப்ரலில் நடத்திய ஒரு நிகழ்ச்சியில், அதன் தலைவர் ஏறத்தாழ 1 மணி 48 நிமிடம் பேசினார். அதில் 14 விநாடிகள் திரையில் இருந்தது அவரல்ல, கணினியில் செய்த அவருடைய உருவம் என்று ஆகஸ்ட் மாதம் அந்த நிறுவனமே சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

நம் சமுதாயப் பிள்ளைகளிலும் இந்த வேலையில் இருப்பவர்கள் உண்டு. பெற்றோருக்கு இது என்ன தொழில் என்றே புரிவதில்லை. “ராத்திரி பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான் உட்கார்ந்திருக்கான், கேம் விளையாடுறானா, வேலை பார்க்கிறானான்னு தெரியலை” என்று சொல்லும் தாய்மார்களுக்காகத்தான் முதலில் இந்தக் கட்டுரை. வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால் அவருக்குப் பகல், நமக்கு இரவு. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு சந்தேகமும் சில வீடுகளில் எழும். உருவம் வரைவது கூடுமா? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் உருவம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் வந்து கேட்டபோது, வரைந்துதான் ஆகவேண்டும் என்றால் மரங்களையும் உயிரில்லாத பொருட்களையும் வரையும்படி அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. மதர்போர்டுக்கும் கீபோர்டுக்கும் உயிர் கிடையாது. கார்ட்டூன், விளம்பரப் படம் என்று போகத் தயங்கும் பிள்ளைகளுக்கு இந்தத் துறை மனநிம்மதி தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று நாளில் எப்படி முடிகிறது?

வேலை எப்போதும் தாமதமாகத்தான் வரும். கண்காட்சி வெள்ளிக்கிழமை, முதலீட்டாளர் சந்திப்பு சனிக்கிழமை என்றால் படம் வேண்டும் என்ற ஞாபகம் அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை வரும். கையில் தருவது ஒரு பென்சில் ஓவியம், நாலைந்து அளவுகள், ‘இதுபோல இருக்க வேண்டும்’ என்று வேறொரு நிறுவனத்தின் படம். இதை வைத்துக்கொண்டு உடனே கணினியில் கை வைப்பவர்கள்தான் மூன்றாம் நாள் இரவு தூக்கமின்றித் தவிப்பார்கள்.

முதல் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்பதற்கு. எத்தனை படம்? எந்தக் கோணம்? இணையத்திலா, சுவரில் ஒட்டும் பெரிய பதாகையிலா? பின்பக்கம் படத்தில் வராது என்றால் பின்பக்கத்தைச் செய்யவே வேண்டாம். மூடி திறக்காது என்றால் உள்ளே ஒன்றுமே இருக்க வேண்டியதில்லை. சினிமா செட்டில் வீட்டின் முகப்பை மட்டும் கட்டுவார்களே, அதேதான். கெடு குறைவாக இருக்கும் வேலையில் எதைச் செய்வது என்பதைவிட எதைச் செய்யாமல் விடுவது என்ற முடிவே நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்தது அளவு. கணினிச் சாதனங்களில் பல பாகங்களுக்கு உலகம் முழுவதும் ஒரே அளவுதான். மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு என்றால் 170-க்கு 170 மில்லிமீட்டர். ஏடிஎக்ஸ் என்றால் 305-க்கு 244. நாம் சாதாரணமாகப் பார்க்கும் 120 மில்லிமீட்டர் ஃபேன் 25 மில்லிமீட்டர் தடிமன், அதன் திருகுத் துளைகளுக்கு இடையே 105 மில்லிமீட்டர். கீபோர்டில் ஓர் எழுத்துப் பொத்தானின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 19.05 மில்லிமீட்டர். பழைய யு.எஸ்.பி. முனை 12 மில்லிமீட்டர் அகலம், 4.5 மில்லிமீட்டர் உயரம். பார்ப்பவருக்கு இந்த எண்கள் தெரியாது. ஆனால் தினமும் அந்தத் துளையில் பென்டிரைவ் செருகிப் பழகிய கண் அவருடையது. துளை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் மொத்தப் பெட்டியும் பொம்மை போலத் தெரியும். ஏன் என்று அவரால் சொல்ல முடியாது, நம்ப மட்டும் மாட்டார். வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது ஒரு புதிய மென்பொருளைப் படிப்பதைவிட நல்ல முதலீடு.

துளை, இணைப்பி, திருகு போன்றவற்றை நாமே செய்ய வேண்டியதும் இல்லை. அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பல, முப்பரிமாண வரைபடக் கோப்புகளைப் பொறியாளர்களுக்காகத் தங்கள் இணையதளங்களில் வைத்திருக்கின்றன. ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் திறந்து மாற்றிக்கொண்டால் பிளெண்டருக்குள் கொண்டுவந்துவிடலாம். நிபந்தனைகளை மட்டும் படித்துவிட வேண்டும். யாரோ ஒருவர் உழைத்துச் செய்த மாதிரியை விற்பனை வேலையில் பயன்படுத்த அனுமதி இல்லை என்று எழுதியிருந்தால், கெடு நெருக்கடி அதற்குப் பதில் ஆகாது.

பிளெண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. திருட்டு மென்பொருளில் சம்பாதித்த பணம் ஹலாலா என்று கவலைப்படும் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் கவலையே இங்கு தேவையில்லை. நெதர்லாந்தில் உருவான பிளெண்டரை நடத்திய நிறுவனம் 2002-ல் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டான் ரோசண்டால் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் உரிமையை மீட்டார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 13-ம் தேதி முதல் அது எல்லோருக்கும் இலவசம். விற்பனை வேலைக்கும் தடையில்லை. வெளிச்சச் சூழலுக்கான படங்களும் மேற்பரப்புகளும் பாலி ஹேவன் தளத்தில் எந்த நிபந்தனையும் இல்லாமல் கிடைக்கின்றன.

கண் எதை நம்புகிறது?

இங்குதான் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம். கணினியில் ஒரு பெட்டி வரைந்தால் அதன் விளிம்பு கத்தியைவிடக் கூர்மையாக இருக்கும். உலகில் அப்படி ஒரு விளிம்பு கிடையாது. அலுமினியமோ பிளாஸ்டிக்கோ, எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் விளிம்பு கொஞ்சம் உருண்டிருக்கும். அந்த அரை மில்லிமீட்டர் உருண்டையில்தான் வெளிச்சம் பட்டு வெள்ளைக் கோடாக மின்னும். புதிதாக வருபவர்கள் மணிக்கணக்கில் வேறு எதையெதையோ திருத்திக்கொண்டிருப்பார்கள். விளிம்பை உருட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அந்த நிமிடமே தீரும்.

இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் என்றால், அச்சிலிருந்து கழற்றி எடுப்பதற்காகச் சுவர்கள் ஓரிரு டிகிரி சாய்வாக இருக்கும். கறுப்பு நிறம் முழுக் கறுப்பாக இருக்கக் கூடாது. எந்தக் கறுப்புப் பொருளும் கொஞ்சமாவது வெளிச்சத்தைத் திருப்பித் தரும். பிளாஸ்டிக்கின் பளபளப்பு விளக்கின் நிறத்தில் இருக்கும், செம்பின் பளபளப்போ செம்பு நிறத்தில் இருக்கும். இதை மாற்றிப் போட்டால் செம்புக் குழாய் வர்ணம் அடித்த பிளாஸ்டிக் போல ஆகிவிடும். மேற்பரப்பு எல்லா இடத்திலும் ஒரே வழவழப்பாக இல்லாமல், கை பட்ட இடம் லேசாக மாறியிருப்பது போலச் செய்தால் போதும். தூசியும் கீறலும் அள்ளிப் போடுபவர்கள் உண்டு. புதிய பொருளை விற்க வந்தவரிடம் பழைய இரும்புக் கடைப் படத்தைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

வெளிச்சத்துக்கு வருவோம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம். ஐரோப்பியர்கள் அவரை அல்ஹசன் என்று அழைத்தார்கள். யூக்ளிட், தாலமி போன்ற கிரேக்க அறிஞர்கள் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்றார்கள். அது தவறு, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் படுவதால்தான் பார்க்கிறோம் என்று சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் தன் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் விளக்கியவர் அவர்.

வேடிக்கை என்னவென்றால், ரெண்டர் செய்யும் கணினி இன்று அந்தப் பழைய கிரேக்கர்கள் சொன்ன திசையில்தான் வேலை செய்கிறது. விளக்கிலிருந்து புறப்படும் கோடானுகோடிக் கதிர்களில் கேமராவுக்குள் வருவது மிகச் சொற்பம். எல்லாவற்றையும் பின்தொடர்ந்தால் கணக்கு முடியாது. எனவே கேமராவிலிருந்து கதிரை வெளியே அனுப்பி, அது எதில் மோதுகிறது, எப்படித் திரும்புகிறது, கடைசியில் எந்த விளக்கைச் சேர்கிறது என்று பின்னோக்கிப் பார்க்கிறார்கள். ஒளி போகும் பாதை இரு திசையிலும் ஒன்றே என்பதால் விடை சரியாக வருகிறது. இதற்கான சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா என்பவர் 1986-ல் எழுதினார். பிளெண்டரில் உள்ள சைக்கிள்ஸ் என்ற பகுதி இந்த வழியில்தான் படம் தருகிறது.

கெடுவைத் தின்பதும் இதே கணக்குதான். 4கே அளவுள்ள ஒரு படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயிரம் கதிர் என்றால் 829 கோடி கதிர்கள், ஒவ்வொன்றும் பலமுறை மோதித் திரும்புகிறது. கதிர் குறைந்தால் படம் மணல் தூவியது போலப் பொறிப்பொறியாக இருக்கும். அந்தப் பொறியைப் பாதியாகக் குறைக்க இரண்டு மடங்கு கதிர் போதாது, நான்கு மடங்கு வேண்டும். அதனால் ஓரளவு கதிரோடு நிறுத்திக்கொண்டு, மீதியை டீநாய்சர் என்ற துடைக்கும் வசதியிடம் விடுகிறோம். 2019 முதல் இன்டெல் நிறுவனத்தின் இலவச டீநாய்சர் பிளெண்டரிலேயே வருகிறது. ஆனால் அது சிறிய எழுத்துகளையும் நுண்ணிய துவாரங்களையும் சேர்த்தே துடைத்துவிடும். துவார வரிசை உள்ள இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் படத்தை அனுப்பக் கூடாது.

“அப்படியே ஒரு பத்து விநாடி வீடியோவும்” என்று இரண்டாம் நாள் மாலை சாதாரணமாகக் கேட்பார்கள். விநாடிக்கு 24 படம் என்றால் 240 படம். ஒன்றுக்கு நாலு நிமிடம் வைத்தாலும் 16 மணி நேரம் கணினி இடைவிடாமல் ஓட வேண்டும். முடிந்த பிறகு ஒரு லோகோ தலைகீழாக இருப்பது தெரிந்தால் இன்னொரு 16 மணி நேரம். இந்தக் கணக்கை உடனே எழுதி அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் ‘பார்க்கலாம்’ என்று நாம் சொன்னது அவர் காதில் ‘சரி’ என்று விழுந்திருக்கும். பகலில் சிறிய அளவில் சோதனை, இரவில் முழு அளவு ரெண்டர் என்று பிரித்துக்கொண்டால் உடலும் தாங்கும். இஷாவுக்குப் பிறகு ஓடவிட்டுப் படுத்தால் ஃபஜ்ருக்கு எழும்போது படம் தயாராக இருக்கும். மின்தடை வரும் ஊர் என்றால் யு.பி.எஸ். கட்டாயம்.

அடியில் இருந்த ஈரம்

இவ்வளவு சிரமப்பட்டு நாம் செய்வது, இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பவைக்கும் ஒரு படம். இதைச் சொல்லாமல் இந்தத் தொழிலை விளக்கியதாக ஆகாது.

கிக்ஸ்டார்ட்டர் என்ற தளம் உண்டு. புதிய கருவி செய்ய நினைப்பவர் தன் திட்டத்தை அதில் போட்டுப் பொதுமக்களிடம் பணம் திரட்டலாம். அது 2012 செப்டம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. ஹார்டுவேர் திட்டங்களில் ரெண்டர் படங்கள் கூடாது, இப்போது கையில் இருக்கும் மாதிரியின் புகைப்படத்தைத்தான் போட வேண்டும் என்பது அது. தங்கள் தளம் கடை அல்ல என்றே அறிவிப்புக்குத் தலைப்பும் வைத்தார்கள். ரெண்டரைப் பார்த்தவர்கள் பொருள் தயாராகிவிட்டது என்று எண்ணிப் பணம் கட்டுகிறார்கள், கட்டியது ஒரு எண்ணத்துக்கு மட்டுமே என்பது அவர்களுக்குப் புரிவதில்லை என்பதுதான் சிக்கல்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் ஈரமான செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள் (முஸ்லிம்). அந்த வியாபாரி பொய் எதுவும் பேசவில்லை. காய்ந்த தானியத்தை மேலே வைத்திருந்தார், அவ்வளவுதான். ரெண்டரின் வேலையே மேற்பரப்பை அழகாக வைப்பதுதான் என்பதால் இந்தச் செய்தி நம் தொழிலுக்கு மிக அருகில் இருக்கிறது.

ஆனால் இல்லாத பொருளுக்கு முன்பணம் வாங்குவதே கூடாது என்றும் அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. நபியவர்கள் மதீனா வந்தபோது மக்கள் பேரீச்சம் பழத்துக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை அனுமதித்தார்கள். ஸலம் என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்வது இதைத்தான். செய்து தரச் சொல்லி ஒப்பந்தம் செய்யும் இஸ்திஸ்னாவும் உண்டு. குறிப்பிட்ட ஒரு வியாபாரம் இவற்றில் எதில் சேரும் என்பதை ஆலிம்களிடம் கேட்க வேண்டும். படம் செய்யும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: பொருள் இன்னும் இல்லை என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருந்தால் கான்செப்ட் படம் எவ்வளவு நல்லது செய்யும் என்பதற்கு போன்பிளாக்ஸ் ஓர் உதாரணம். பழுதான பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் போன் ஒன்றை 2013 செப்டம்பரில் டேவ் ஹாக்கன்ஸ் என்ற டச்சு இளைஞர் வீடியோவாகக் காட்டினார். பணம் கேட்கவில்லை. இது என்னுடைய யோசனை, பிடித்திருந்தால் பரப்புங்கள் என்றார். அடுத்த மாதமே மோட்டோரோலா தன்னுடைய ‘அரா’ திட்டத்தை அறிவித்து அவரோடு கைகோத்தது. அந்தத் திட்டம் பிறகு கூகுளிடம் போய் 2016-ல் கைவிடப்பட்டது. போன் வரவில்லைதான், ஆனால் அந்த வீடியோவைப் பார்த்த யாருடைய பணமும் போகவில்லை.

பொய் பெரும்பாலும் படத்துக்குக் கீழே உள்ள எழுத்தில் நுழையும். படத்துக்குள்ளும் நுழையும். காற்றுத் துவாரம் அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்பார்கள். எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் சூடு எங்கே போகும்? 25 மில்லிமீட்டர் ஃபேன் இருக்கும் என்று எழுதிவிட்டு 20 மில்லிமீட்டர் உயரப் பெட்டி வரையச் சொல்வார்கள். அளவு தெரிந்த ரெண்டர்காரர் இதை முதல் நாளே சொல்லிவிட முடியும். நல்ல வாடிக்கையாளர் அதற்கு நன்றி சொல்வார்.

எங்களுக்கு வந்த ஒரு வேலையில், மேசை மேல் வைக்கும் சிறு கணினி ஒன்றுக்கு மூன்று படங்கள் கேட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. படத்தின் கீழ் மூலையில் ‘கான்செப்ட் படம்’ என்று எழுதித்தான் எப்போதும் கொடுப்போம். மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு செய்தி வந்தது: எழுத்தை எடுத்துவிடுங்கள், இன்றிரவு முன்பதிவுப் பக்கம் திறக்கிறோம். மாதிரி ஒன்றாவது தயாராகிவிட்டதா என்று கேட்டோம். இல்லை, மதர்போர்டே இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். பாதிப் பணம் இன்னும் அவர்களிடம்தான் இருந்தது. எங்களில் இளையவருக்கு அந்த மாதம் அக்காவின் நிக்காஹ் செலவு வேறு. “காக்கா, படத்தைக் கொடுத்துட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சிடும்ல? அவங்க என்ன எழுதினா நமக்கென்ன?” என்று அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கத்தி செய்பவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லைதான். ஆனால் நாங்கள் செய்தது கத்தி அல்ல. பார்ப்பவர் நம்ப வேண்டும் என்பதற்காகவே விளிம்பு விளிம்பாக மூன்று நாள் உட்கார்ந்து செய்தது.

எழுத்தை எடுக்க முடியாது, வேண்டுமானால் நிறத்தையும் இடத்தையும் மாற்றித் தருகிறோம், முன்பதிவுப் பக்கத்தில் எப்போது பொருள் வரும் என்ற தேதியையும் போடுங்கள் என்று பதில் எழுதிவிட்டு மஃரிபுக்குப் போனோம். திரும்பி வந்தபோது பதில் இல்லை. இஷா முடிந்தும் இல்லை. மறுநாள் லுஹர் நேரத்தில்தான் வந்தது. முன்பதிவை இரண்டு மாதம் தள்ளிவைத்துவிட்டார்களாம். இப்போதைக்கு அறிமுகப் பக்கம் மட்டும், எழுத்து இருக்கட்டும், கொஞ்சம் சிறிதாக்கித் தாருங்கள் என்றிருந்தது. போனில் திறந்தால் கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறதா என்று எங்கள் வாப்பாவிடம் காட்டிப் பார்த்து, அந்த அளவில் நிறுத்தி அனுப்பினோம்.